மயிலாடும்பாறைச் செஞ்சோளம்

அட, உக்காருங்க தம்பி. கோயமுத்தூர் விவசாயக் காலேஜுல இருந்து பஸ்ஸேறி வந்திருக்கீக, நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போனா எப்படி? காப்பி ஆறுது, குடிங்க. இப்பச் சொல்லுங்க. எங்க வீட்டுச் செஞ்சோளமும் அந்த மயிலாடும்பாறைச் செஞ்சோளமும் ஒண்ணா, வேறயா?

அதென்ன, ஒண்ணுதான், ஆனா வேறங்கிறீக? போன தடவ ஒண்ணேதான்னு அடிச்சுச் சொன்னீகளே. முளையக் கசக்கி, அதுல இருக்க புரோட்டீனப் பிரிச்சுப் பாத்தோம், ரெண்டுக்கும் கோடு ஒண்ணுபோல விழுந்துச்சுன்னு. அதக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல.

ஏன்னா கேக்குறீக? கல்யாணத்தப்ப எங்க ஆத்தா என் முந்தியில முடிஞ்சு விட்ட விதை தம்பி அது. விதப்பானைய நான் ஒருத்திதான் தொறப்பேன். இந்த ஜெயமங்கலத்துல ஒருத்திக்கு ஒரு பிடி குடுத்ததில்ல. அங்கன எப்படிப் போகும்? காலு மொளச்சா?

ஆமா, மயிலாடும்பாறைக்கு விதை வாங்கப் போனீகளே, அந்தச் சுப்புத்தாயப் பாத்தீகளா? மோர் குடுத்தாளா! குடுப்பா, குடுப்பா. பல்லு எடுப்பா இருக்கும்னாகளே? இல்லயா? நல்ல மொகமா? கண்ணாடிய மாத்துங்க தம்பி. கதிரு? என் கதிர விடப் பெருசாவா? ஆத்தோர மண்ணுல குச்சிய நட்டாலும் பெருசாத்தான் வரும்.

சரி, இந்தப் படம் என்ன சொல்லுது? கறுப்பு கறுப்பா, பட்டை பட்டையா. எக்ஸ்ரே பிலிமா? இலையில இருந்து டி.என்.ஏ. எடுத்து, அத வெட்டிப் பாக்குறதாக்கும். பழைய முறைக்குப் பிடிபடாத வித்தியாசமெல்லாம் இதுக்குப் பிடிபடுமா? அப்ப வேற விதைதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் நிம்மதியாத் தூங்குறேன்.

இல்லயா?

எங்க விதையேதானா. எங்க பட்டை அம்புட்டும் அதுல இருக்கு, அதுக்கு மேல வேற சோளத்துப் பட்டையும் ஏறியிருக்கு. பக்கத்துப் புஞ்சைச் சோளத்து மகரந்தம் வந்து கலந்தது. வெளங்குது தம்பி.

இம்புட்டுக் கலக்க ஒரு வெள்ளாமை போதுமில்ல? போதாதா? போன சித்திரைத் திருவிழாவுலதான் பழக்கமாச்சு, அதுக்கு முன்னால அவ மொகங்கூடத் தெரியாதுன்னு வீரபாண்டி மாரியாத்தா மேல சத்தியம் பண்ணாகளே.

யாரா? எங்க வீட்டுக்காரவுகதான். பின்ன, சுப்புத்தாய் வீட்டுச் சோளத்தையும் வாங்கிப் பாருங்கன்னு உங்கள எதுக்கு அனுப்பினேன்னு நெனச்சீக?

முழிக்காம சொல்லுங்க, எம்புட்டு நாளாகும்? படம் வருசம் சொல்லாதா? சரி, குத்துமதிப்பா? பத்து வெள்ளாமையாவது ஆகுமா?

வருசத்துக்கு ஒரு வெள்ளாமை, பத்து வருசம்னா... அப்ப எங்க சின்னவன் வயித்துல. குனிஞ்சு நிமிர முடியாமக் கெடந்தேன். விதைப்புக்கு நானே எடுத்துக்கிறேன், நீ படுத்துக்கன்னு அந்த ஒரு தடவதான் அவுக பானைய எறக்கினாக. எம்புட்டுப் பாசம்னு தெரு முழுக்கச் சொல்லிப் பீத்திக்கிட்டேன் தம்பி.