அழிக்கும் முன் படிக்கவும்

...மெஷினுக்குப் புரியற மாதிரி எழுதுங்கன்றாங்க சார். மெஷினுக்கு. இருபத்தாறு வருஷமா மனுஷனுக்கு எழுதினவன் நான். மிக்ஸிய எப்படி ஓட்டணும்னு கையேடு எழுதியிருக்கேன், லிஃப்டுக்கு எழுதியிருக்கேன்... ஒருத்தனும் படிக்க மாட்டான். அதனால ஒரு வம்பும் வராது. நிம்மதியா இருந்தேன். இப்பப் பாத்து, படிக்கிற ஒண்ணுக்கு எழுதச் சொல்லிட்டாங்க. எழுத்தெழுத்தா படிக்குது சார், எழவு.

நல்லா சாஞ்சு உக்காருங்க, உங்கள இப்போதைக்குக் கூப்பிட மாட்டாங்க. அந்தக் கண்ணாடி ரூம்ல முதுகு காட்டிட்டு ஒரு பொண்ணு உக்காந்திருக்கே, அதத்தான் காலைலேந்து குடைஞ்சிட்டிருக்காங்க.

எங்க கம்பெனில பங்கு வாங்கறது விக்கறதெல்லாம் சாஃப்ட்வேரே பாத்துக்கும். எப்ப வாங்கணும், எப்ப விக்கணும்னு ஒவ்வொருத்தரும் ஒரு திட்டம் போட்டு உள்ள வெச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். இப்ப அதுக்கு மேல ஒரு ஏஐ ஏஜென்ட்ட வேற உக்கார வெச்சிருக்காங்க. வாயால சொன்னாப் போதும், முடிச்சிடும். வேண்டாத திட்டத்த அழிக்க அதுக்கு ஒரு டூல். அந்தப் பொண்ணு செஞ்சது. அத எப்ப, எப்படி எடுத்துப் பயன்படுத்தணும்னு ஏஜென்ட்டுக்கு வெளக்கி எழுதினது அடியேன். ஒன்றரைப் பக்கம். அதுக்குப் பதினோரு திருத்தம்.

அந்தப் பொண்ணு சரியான நச்சரிப்பு சார். "அண்ணா, இந்த வரிய மாத்துங்க", "அண்ணா, அது அதுக்குப் புரியாது"... எனக்கு ரெண்டு அக்கா, ஒரு பொண்டாட்டி. மூணு பேரும் சேந்து இவ்வளவு திருத்தினதில்ல. டூல்ல "நிச்சயமா?"ன்னு ஒரு கட்டம் வெச்சிருந்தா. நான் "நிச்சயம் என்றால் ஆம் என நிரப்பவும்"னு எழுதினேன். சரியாத்தானே இருக்கு? அது என்ன பண்ணுது, சொன்ன ஆளக் கேக்காம தன்னையே கேட்டுக்குது, தானே ஆமாங்குது. எங்க மாமனார் மாதிரி.

காபி குடிக்கிறீங்களா? வேணாம், அந்த மெஷினும் சரியில்ல.

நேத்து மத்தியானம்... மீசைக்காரர்னு ஒரு சீனியர். "ஓடாத பழைய திட்டம் ஒண்ணு கெடக்கு, தூக்கிடு"ன்னு ஏஜென்ட்டுகிட்ட சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டாரு. நம்பர் சொல்லல. திரும்பி வந்து பாத்தா, அவரு நாலு வருஷமா செதுக்கி செதுக்கி ஓட்டிட்டிருந்த திட்டம் போச்சு. பழசு அப்படியே கல்லாட்டம் கெடக்கு. மனுஷன் கத்தல சார். கத்தியிருந்தா தேவல. மீசையத் தடவிட்டே உக்காந்திருந்தாரு.

டூல் செஞ்சது யாரு, அவதானே, அவள வரச்சொல்லுன்னுட்டாங்க.

ஆமா, கேக்கவே இல்ல பாருங்க. நீங்க எந்த வேலைக்கு வந்திருக்கீங்க?

...டூல் செய்யறதுக்கா?

அடப்பாவிகளா. அவ எடத்துக்கு. அவ இன்னும் அந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்கவே இல்லயே சார்.

ஏஜென்ட்டுக்கு ஏன் குறிப்பா அந்த நம்பர் தோணுச்சுன்னு நீங்க கேக்கலியே. உள்ளயும் யாரும் கேக்கல. நான் எழுதின ஒன்றரைப் பக்கத்துல ஒரு வரி வரும்... "உதாரணம்: திட்டம் 417ஐ அழி." பொய்யா ஒரு நம்பர் யோசிக்கச் சோம்பல். ஸ்க்ரீன்ல மொதல்ல தெரிஞ்சத எடுத்துப் போட்டுட்டேன். அது மீசைக்காரரோடது. நம்பர் தெரியாம முழிச்ச ஏஜென்ட், படிச்சதுல இருந்த ஒரே நம்பரப் புடிச்சிக்கிச்சு. அவ கேட்டா சார். "அண்ணா, இது நெஜ நம்பராச்சே"ன்னு கேட்டா. உதாரணம்னா என்னன்னு எனக்குத் தெரியும்மா, நீ உன் வேலையப் பாருன்னேன். எல்லார் எதிர்லயும்.

உள்ள அவ அதச் சொல்லல போலிருக்கு. சொல்லியிருந்தா என்னைக் கூப்பிட்டிருப்பாங்கல்ல? அதுக்குத்தான் இங்க உக்காந்திருக்கேன், இப்பக் கூப்பிடுவாங்க, இப்பக் கூப்பிடுவாங்கன்னு. கூப்பிடாமலே விட்டுட்டா நல்லாருக்கும்னும்தான்... ரெண்டும்தான். என்ன மனசோ போங்க.

உங்களக் கூப்பிடறாங்க. இருங்க, இருங்க, உக்காருங்க. கூப்பிட வந்த அந்தம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். ரெண்டு நிமிஷம், நான் மொதல்ல உள்ள போயிட்டு வந்துடறேன். அவ எடம் காலியாகாது சார், அதுக்கு வந்தது வீண் அலைச்சல். ஆனா இன்னொரு எடம் காலியாகும்.

உங்களுக்கு எழுத வருமா?