பின்னால்தான் வருகிறான்

சாயங்காலம் நாலு மணி. மலை உச்சியிலிருந்து வளைந்து வளைந்து இறங்குகிற சாலை. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம்... ஒன்றுமில்லை. வெறும் பனிமூட்டம். முன்னால் பத்தடி தெரிந்தால் பெரிய விஷயம்.

நாலு மணிக்கு என்ன பேய் என்று சிரிக்காதீர்கள். ராத்திரி வருவதையாவது ராத்திரிதானே என்று தள்ளிவிடலாம். இது பட்டப்பகலில் வந்தது. இதோ, வாயைத் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறானே, இவனுடைய அக்கா புருஷனுக்கு நடந்தது. நான் எங்கேயாவது கூட்டிச் சொன்னால் இவனே பிடித்துக்கொள்ளட்டும்.

அவரை நாங்கள் எல்லோருமே மாமா என்றுதான் கூப்பிடுவோம். மாமா சைக்கிள் பந்தயக்காரர். தெருமுனையில் கொடி அசைத்து ஓட்டுகிற பந்தயம் இல்லை. இன்றைக்கு ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் முடியும், நாளைக்கு அங்கிருந்து வேறோர் ஊர், இப்படி வாரக்கணக்கில் போகும். நடுவில் மலை. அதைத் தாண்டினால் அதைவிடப் பெரிய மலை. அதில் ஜெயிக்கிறவன் படம் பேப்பரில் வரும். மாமா படம் வராது. அவர் ஜெயிப்பதற்குப் போனவர் இல்லை. அணித்தலைவனுக்குத் தண்ணீர் பாட்டில் சுமப்பார், எதிர்காற்று அவன்மேல் படாமல் முன்னால் ஓட்டுவார், அவன் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பார். எடுபிடி வேலைதான். அதற்கும் நல்ல கால் வேண்டும்.

அவரோடு அதே வேலைக்கு இன்னொருவன். ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான், அதனால் அணியில் எல்லோருக்கும் அவன் குச்சி. ஓட்டலில் ரெண்டு பேருக்கும் ஒரே அறை. மாமா ஏற்றத்தில் சோப்ளாங்கி, இறக்கத்தில் சூரர். குச்சி நேர் எதிர். ஏற்றத்தில் ஆடு மாதிரி தாவுவான், இறக்கத்தில் கை நடுங்கும். அதனால் ரெண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம். ஏற்றத்தில் குச்சி பக்கத்தில் வந்து மாமாவின் இடுப்புக்கு மேலே கையை வைத்துத் தள்ளுவான். இறக்கத்தில் மாமா முன்னால் நிதானமாகப் போவார், குச்சி அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் வருவான்.

அந்தக் கையை மாமாவுக்குக் கண்ணைக் கட்டினாலும் தெரியும். பழைய விபத்தில் உடைந்த மோதிர விரல் ஒன்று மடங்காது. மற்ற விரல்கள் முதுகில் படிந்து அழுத்தும், அது மட்டும் தனியாகக் குத்தும். கூடவே வலிக்குத் தேய்க்கிற தைல வாசனை. குச்சி தைலத்திலேயே குளிப்பான் என்று கேலி செய்வார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். மிதிக்காமல் உருளும்போது சைக்கிளின் பின்சக்கரம் டிக் டிக் என்று அடிக்கும் இல்லையா... குச்சியின் சக்கரத்தில் மண் புகுந்து அந்தச் சத்தம் விட்டு விட்டு வரும். டிக் டிக்... டிக். டிக் டிக்... டிக். அணி மெக்கானிக் இது நடந்த அன்று ராத்திரி அதைக் கழற்றிப் பார்ப்பதாக இருந்தார்.

அன்று காலையிலிருந்தே மழை. ரெண்டு பேரும் கடைசிக் கூட்டத்திலிருந்தும் பின்தங்கிவிட்டார்கள். இந்தப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. முதல் ஆள் வந்து சேர்ந்தபின் குறிப்பிட்ட நேரத்துக்குள் மற்றவர்களும் வந்தாக வேண்டும். வராதவன் வீட்டுக்குப் போகலாம். நடுவழியில் பந்தயத்தைக் கைவிட்டவர்களை அள்ளிக்கொள்ள எல்லோருக்கும் கடைசியாக ஒரு வேன் வரும். பின்னால் ஒரு துடைப்பத்தைக் கட்டியிருப்பார்கள். துடைப்ப வண்டி என்றே பெயர். ஏறினால் சட்டையிலிருந்து உன் நம்பரைப் பிய்த்துவிடுவார்கள். மாமா அதுவரை எத்தனை தடவை இந்தப் பந்தயத்தில் ஓட்டினாரோ அத்தனை தடவையும் அந்த வண்டியில்தான் திரும்பினார். சொந்தக்காரர்களே கேலி பேசினார்கள். இந்தத் தடவை செத்தாலும் அதில் ஏறுவதில்லை என்று வைராக்கியம்.

உச்சியில் குளிர்காற்று நெஞ்சில் அறையாமல் சட்டைக்குள் செருகிக்கொள்ள யாரோ ஒரு பழைய பேப்பர் நீட்டினார்கள். குச்சி அதை ரெண்டாகக் கிழித்துப் பாதியை மாமாவிடம் கொடுத்தான்.

"மெதுவாப் போடா. எனக்கு ரோடே தெரியல. உன் சக்கரத்தைத்தான் பாத்துக்கிட்டு வரேன்."

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். இந்த இறக்கம், அதற்குப் பிறகு ஒரே ஓர் ஏற்றம். நேரம் சரியாக... இல்லை, கொஞ்சம் போதவில்லை.

பிரேக்கை விட்டுவிட்டார்.

பின்னால் அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. டிக் டிக்... டிக். வேகம் கூடக் கூட அதுவும் வேகமானது. இவர் போகிற வேகத்தில்தான் அவனும் வரவேண்டும், ஏனென்றால் இவர் சக்கரத்தைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தெரியாது. ஒரு வளைவு. இவர் திரும்பிவிட்டார். பின்னால் பிரேக் வீறிட்டது. ரப்பர் தீய்கிற நாற்றம். "ஏய்" என்று ஒரு குரல்... ஒரே தடவை. கல் உருளும் சத்தம். அப்புறம் எங்கோ கீழே, காற்றில் ஒரு சக்கரம் தானாகச் சுற்றுகிற சத்தம். டிக் டிக்... டிக். டிக்... டிக். நின்றுவிட்டது.

மாமாவும் நின்றார். அதை மறைக்கக் கூடாது. ஒரு காலை ஊன்றி, "குச்சி..." என்று கூப்பிட்டார். ஆனால் பக்கத்து அறையில் தூங்குகிறவனை எழுப்புகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக. அணியோடு பேசக் காதில் மாட்டியிருந்த ரேடியோ மழையில் செத்துப்போயிருந்தது. அணியின் கார் முன்னால் தலைவனோடு போய்விட்டது. பின்னால் துடைப்ப வண்டி வரும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தார். இந்தப் பனியில் பள்ளத்தில் கிடப்பவனை யார் பார்ப்பார்கள் என்றும் அதே நேரத்தில் நினைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

மிதித்துப் போய்விட்டார்.

கடைசி ஏற்றம். கால் ரெண்டும் மரக்கட்டை. துடைப்ப வண்டியின் மஞ்சள் விளக்கு பின்னால் பனியில் மினுங்கிக்கொண்டே வருகிறது. இனி முடியாது, நின்றுவிடலாம் என்று கை தளர்ந்தபோது... இடுப்புக்கு மேலே ஒரு கை பதிந்தது. விரல்கள் படிந்து அழுத்தின. ஒரு விரல் மட்டும் தனியாகக் குத்தியது. தைல வாசனை.

மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்துவிட்டான்! எழுந்து, விரட்டி வந்து, விட்டுவிட்டு ஓடியவனையே தள்ளுகிறான். "மன்னிச்சுக்கடா" என்றார். திரும்பிப் பார்க்க வெட்கம். எந்த முகத்தோடு பார்ப்பது? கை தள்ளியது. வழக்கமாகக் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் விட்டு, மூச்சு வாங்க வைத்துத்தான் தள்ளுவான். அன்று விடவே இல்லை. அவசரம், அப்படி ஓர் அவசரம். முடிவுக் கோட்டைத் தாண்டுகிறவரை தள்ளியது.

நேரத்துக்குள் வந்துவிட்டார். அணியின் மசாஜ்காரர் ஓடிவந்து துண்டைப் போர்த்தினார்.

"குச்சி எங்கப்பா?"

"பின்னாலதான் வரான்."

மாமா திரும்பிப் பார்த்தார். ஈரச் சாலை. வண்டியின் மஞ்சள் விளக்கு. அவ்வளவுதான்.

வண்டி வந்து நின்றது. கைவிட்டவர்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். அதில் குச்சி இல்லை. டிரைவர் மாமாவைப் பார்த்து, "ஏத்தம் பூரா உங்களைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன் சார். உங்க பின்னால யாருமே இல்லையே" என்றார். அணி மேனேஜர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சரியாச் சொல்லு. கடைசியா எங்க பாத்த?"

இதுதான் அந்த நிமிஷம். இறக்கத்தில், இந்த வளைவில், சத்தம் கேட்டது, நான் நின்றேன், போய்விட்டேன்... இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சுற்றிலும் எல்லோர் கண்ணும் அவர்மேல்.

"இந்த ஏத்தத்துலதான்... எனக்குப் பின்னால வந்துக்கிட்டிருந்தான்."

பனியில் டிரைவர் கண்ணுக்குத் தப்பியிருக்கும் என்று அவ்வளவு பேரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்த ஏற்றத்தைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். குச்சி கிடந்தது வேறு மலையில்.

அந்த மலையூரில் ரெண்டு நாளும் ஒரே ஓட்டல்தான். அறையில் அவன் கட்டில் காலியாக இருந்தது. ஜன்னல் கம்பியில் முந்தின நாள் அவன் துவைத்துப் போட்ட சட்டைகள், ரெண்டு பேருடையதும். சார்ஜில் கிடந்த அவன் போன் அடித்தது. அவன் மனைவி. மாமா எடுத்தார்.

"அண்ணா, அவர் வந்துட்டாரா?"

"வந்துக்கிட்டிருக்கான்மா."

விடிந்த பிறகு ஆடு மேய்க்கிறவர் ஒருவர் கண்டுபிடித்தார். டாக்டர் சொன்னதை மேனேஜர் வந்து சொன்னார்: விழுந்ததும் உயிர் போகவில்லையாம், இருட்டுகிறவரை உயிர் இருந்திருக்கிறது, மேலே ஏறப் பார்த்து நகமெல்லாம் மண், கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால்...

மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஏற்றத்தில் தன்னைத் தள்ளிய நேரத்தில் அவன் உயிரோடு பள்ளத்தில் கிடந்திருக்கிறான். அப்படியானால் அந்தக் கை...? அது இவரைப் பந்தயத்தை முடிக்க வைக்கத் தள்ளவில்லை. சீக்கிரம் போ, போய்ச் சொல் என்று தள்ளியிருக்கிறது. இவர் போய்ச் சொன்னது என்ன?

இதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. பந்தயக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் இறந்துவிட்டால் மறுநாள் யாரும் போட்டி போட மாட்டார்கள். எல்லோரும் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து, கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒதுங்கி, இறந்தவனுக்கு நெருங்கியவனை முதலில் போகவிடுவார்கள். மாமாவைத்தான் விட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முதலில் வந்தார். ஜனங்கள் அழுதுகொண்டே கைதட்டினார்கள். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. அந்தப் பேப்பரை அக்கா ஆசையாக எடுத்துவைக்கப் போக, மாமா பிடுங்கிக் கிழித்தார். அக்காவுக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

பந்தயம் முடிந்து குச்சியின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனார். மாடி வீடு. முதல் படியில் கால் வைக்கும்போதே முதுகில் அந்தக் கை. நடுப்பகல்... கீழே யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. கை தள்ளுகிறது. நிற்க முடியவில்லை. வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியது. கதவைத் திறந்த குச்சியின் மனைவி அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவர் விழுந்தப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா அண்ணா? ஏதாவது கூப்பிட்டாரா?"

கை அழுத்தியது. சொல் என்று அழுத்தியது.

"இல்லம்மா. பனியில ஒண்ணும் தெரியல. பின்னாலதான் வரான்னு நினைச்சேன்."

கை முதுகிலிருந்து விலகியது. சட்டென்று இல்லை... ஒவ்வொரு விரலாக. கடைசியாக அந்த மடங்காத விரல்.

அதற்கப்புறம் அந்தக் கை அவரைத் தொடவே இல்லை. படி இறங்கும்போது பின்னால் சத்தம் மட்டும் கேட்டது. டிக் டிக்... டிக்.

மாமா சைக்கிளைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. எங்கே போனாலும் நடைதான். உட்கார்ந்தால் முதுகைச் சுவரோடு ஒட்டித்தான் உட்காருவார். போன மாசம் ஒரு சாயங்காலம் இவன் வீட்டுக்கு வந்து, அப்படிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, இதையெல்லாம் சொன்னார். சொல்லும்போது ஒரு தடவைகூட இவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"குச்சி வீட்டுல போய்ச் சொல்லிடுங்க மாமா. இப்பவே போங்க" என்றான் இவன்.

"ம்" என்று எழுந்தார்.

இவன் கேட்டைச் சாத்தப் போனான். மாமா தெருவில் குனிந்த தலையோடு நடந்து போகிறார். தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் குச்சியின் வீடு. வலது பக்கம் அவர் வீடு. மாமா கொஞ்சம் நின்றார். வலது பக்கம் திரும்பிவிட்டார்.

இவன் கேட்டில் கை வைத்தான்... உள்ளேயிருந்து, இவன் முதுகுக்குப் பின்னாலிருந்து, தைல வாசனை. டிக் டிக்... டிக். இவனை உரசாமல் தாண்டி, தெருவில் இறங்கி, மெதுவாக, யாரோ சைக்கிளைக் கையில் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி போயிற்று. ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும். தெருமுனையில் அதுவும் நின்றது. இடது பக்கம் போகும் என்று இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

வலது பக்கம்தான் போயிற்று.