கழிவுப் பஞ்சில் கட்டிய காயம்

அவைத் தலைவர் வெங்கடபதி ஐயா அவர்களே, என் அம்மாவை எனக்கு மீட்டுத் தந்த மருத்துவர் இளவேனில் அவர்களே, எங்கள் நூல் மில்லின் மேனேஜர் ஐயா அவர்களே, அன்னூர்ப் பெரியோர்களே, ஷிப்ட் முடிந்து தலையில் ஒட்டிய பஞ்சோடு நேராக வந்து நிற்கும் தாய்மார்களே, அக்கா தங்கைகளே! லோகப்பிரியாவின் வணக்கம் உங்கள் அத்தனை பேருக்கும்.

"மைக்கைக் கிட்ட வெச்சுப் பேசு அம்மணி" என்கிறார் பின்னாலிருந்து ஒரு பெரியப்பா. வெச்சுட்டேனுங்க. இனிக் காது வலிக்குதுன்னு சொல்லப்படாதுங்க.

ரத்ததான முகாமுக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கு என்று ஒரு தாளை எழுதிக் கொடுத்தார்கள். நன்றி சொல்வேன். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இறங்க மாட்டேன்.

என் அம்மா சுப்பாத்தாள், பதினாறு வருடம் நம் மில்லில் அறுந்த இழை ஒட்டியவள். தை மாதம் மெஷின் தகடு அவள் உள்ளங்கையைக் கீறியது. காயத்துக்கு நம் மில்லில் என்ன மருந்து? உங்களுக்கே தெரியும். கீழே கிடக்கும் கழிவுப் பஞ்சில் ஒரு பிடி, மேலே நூலால் ஒரு கட்டு. கட்டியது யார்? மேனேஜரா? இல்லை. பக்கத்து மெஷினில் நின்ற நான். "ரத்தம் நின்னுபோச்சு கண்ணு, உன் மெஷினைப் பாரு" என்றாள் அம்மா.

ரத்தம் நின்றது. கிருமி நின்றதா?

மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல். ஐந்தாம் நாள் என் முகத்தைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டாள். பெற்ற மகளிடம் அப்படிக் கேட்டாள்.

ஐ.சி.யூ.வில் அவள் விரல்நுனிகள் கறுத்தன. ஈறில் ரத்தம் கசிந்தது. ஊசி குத்திய இடத்திலும் நிற்கவில்லை. என் மாமா கேட்டார்: "ஏனுங்க டாக்டர், விரல்ல உறையுதுங்கறீங்க, ஈறுல உறையலைங்கறீங்க. எதுங்க நெசம்?"

"ரெண்டும் நெசந்தானுங்க" என்றார் டாக்டர். "கிருமியோட நடக்கற சண்டையில, உறையக் கூடாத இடத்துல குட்டிக் குட்டியா உறைஞ்சு அடைக்குது. உறைய வெக்கற சத்து அங்கயே தீந்துபோறதால, உறைய வேண்டிய இடத்துல உறைய மாட்டேங்குது."

மாமாவுக்கு விளங்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கு விளங்கியது. தாய்மார்களே, மெஷின் உருளைகளில் நூல் வீணாகச் சுற்றிக்கொண்டால், நூல் கொடுக்கும் பாபின் காலியாகும். அப்புறம் அறுந்த இடத்தில் ஒட்ட இழை ஏது? அதுதான் என் அம்மாவின் உடம்புக்குள் நடந்தது.

கிருமிக்கு மருந்து ஏறியது. பிளேட்லெட் ஏறியது, பிளாஸ்மா ஏறியது. கொடுத்தது யார்? நம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண்கள். "பொம்பளைப் புள்ளைக ரத்தம் குடுத்தா ஒடம்பு என்னத்துக்காகும்?" என்றார் ஹாஸ்டல் வார்டன். நம் சைத்ரா திருப்பிக் கேட்டாள்: "ரெண்டு ஷிப்ட் சேந்தாப்ல நிக்க வெக்கறப்ப இந்த ஒடம்பு நெனப்பு வரலீங்களா?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அன்று நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அம்மா பிழைத்தாள். இரண்டு விரல்நுனிகள் போயின. இப்போது மில் சொல்கிறது, விரல் போனவள் வேலைக்கு வேண்டாம் என்று. மேனேஜர் ஐயா, விரல் எங்கே போனது? உங்கள் மெஷினடியில் போனது. காயம்பட்ட அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பாததால் போனது. ஷிப்ட் முடியாமல் கேட்டைத் திறக்க மாட்டீர்கள் என்று பயந்தோமே, அந்தப் பயத்தில் போனது. பஞ்சைக் கட்டிய என் கைக்கும் அதில் பங்குண்டு. அதனால்தான் சொல்கிறேன்: இந்தக் கை இனிக் கழிவுப் பஞ்சைக் கட்டாது. காயம்பட்டவள் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவாள். கேட்டை மூடினால், மூடிய கேட்டின் முன் அவளோடு நாங்களும் நிற்போம்.

நிற்போமா? கையைத் தூக்குங்கள். பாருங்கள் ஐயா, எத்தனை கை.

நாளைக் காலை ஷிப்டுக்கு அம்மா வருவாள். திறப்பதா மூடுவதா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

தாளில் இருக்கும் நன்றியையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் தந்தவர்களே, நன்றி. இரண்டாம் வரிசையில் அம்மா எழுந்து நிற்கிறாள், பாருங்கள். மிச்சமிருக்கும் விரல்களால் உங்களைக் கும்பிடுகிறாள். அதுவே என் வணக்கமும்.