சுருக்குக் கம்பி

விரல் நுனி காய்த்துவிடக் கூடாதென்று தினமும் தேங்காய் எண்ணெய் தடவுவேன், இன்ஸ்பெக்டர் ஐயா. அப்பா ஆம்பூரில் தோல் தரம் பிரித்தவர். ஒரு முறை தடவினாலே எங்கே மெலிசு என்று சொல்லிவிடுவார். அந்தக் கை எனக்கும் வாய்த்திருக்கிறது.

வேலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் டெக்னீஷியன். இதய அடைப்பை விரிக்கும் ஸ்டென்ட்டை டாக்டர் ஜெயப்பிரகாஷ் கையில் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பலூன்மேல் இறுக்கிப் பொருத்திய சின்ன வலைக்குழாய் அது. இரண்டு வருடத்துக்கு முன் ஒருவருக்கு அது தானாகவே பாதி வழியில் கழன்று ரத்தக்குழாயில் சிக்கிக்கொண்டது. டாக்டர் எதை எடுப்பதென்று தெரியாமல் தடுமாறினார். நான்தான் சிக்கியதைக் கண்ணியில் மாட்டி இழுக்கும் சுருக்குக் கம்பியைப் பிரித்துக் கொடுத்து, கண்ணியை எங்கே போடுவதென்றும் சொன்னேன். வெளியே வந்துவிட்டது. "நீ இல்லன்னா இன்னிக்கி நான் அவ்ளோதான் கார்முகிலா," என்று எல்லோர் முன்னும் தோளைப் பிடித்தார். என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பிறகு பதினொரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. பழக்கம் விட்டால் கை மறந்துவிடும், ஐயா. நிஜமாகவே ஆபத்து வரும்போது அவர் தடுமாறக் கூடாதல்லவா? அதனால் ஸ்டென்ட்டைக் கொடுக்கும் முன் விரலிடுக்கில் லேசாக உருட்டினேன். பலூன்மேல் அதன் பிடிப்பு தளர்வது கையுறைக்குள்ளும் விரலுக்குத் தெரியும். நல்ல அகலமான குழாய் உள்ளவர்களாகப் பார்த்துத்தான் செய்தேன். நான்கு பேருக்கு உள்ளே கழன்றது, நான்கையும் கண்ணி போட்டு எடுத்தோம். நால்வரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது குர்ஷித் பாய், டேனரியில் தோல் ஊறவைக்கும் டிரம்மை ஓட்டுபவர். இந்தச் சிகிச்சைக்கு முழு மயக்கம் கிடையாது, விழித்தேதான் இருந்தார். கழன்ற ஸ்டென்ட் பிரதானக் குழாயின் வாயிலேயே குறுக்காக நின்றுவிட்டது. கண்ணி முதல் முறை வழுக்கியது. அடுத்த முறையும் வழுக்கியது. திரையில் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது.

"இன்னாப்பா, நெஞ்சு ஜாஸ்தியா வலிக்குதே?" என்று என் விரலைப் பிடித்துக்கொண்டார் பாய்.

"ஒண்ணுமில்ல பாய். நான் இருக்கேன்ல."

மனதாரத்தான் சொன்னேன். பயமாகவும் இருந்தது. ஆனால் டாக்டர், "கார்முகிலா, இங்க வா!" என்று கத்தினாரே, அப்போது உள்ளம் குளிர்ந்தது. மறைக்க மாட்டேன்.

மூன்றாவது முறை கண்ணி மாட்டியது. அதற்குள் பாய் என் விரலை விட்டிருந்தார்.

ஐந்து என்று நீங்கள் சொன்ன கணக்கு சரி. ஐந்தையும் நான்தான் கழற்றினேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்? ஒன்றை மட்டும் ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுங்கள். இனி யாருக்காவது ஸ்டென்ட் கழன்றால், எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிட்டு அனுப்பட்டும். நான் இல்லாமல் அவர்கள் ஆளைக் கொன்றுவிடுவார்கள்.