நாலு விரல் அகலம்

பைக்குக்குப் பின்னால் கார் டயர் போடலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகப் போடலாம் என்றுதான் சொல்வேன். உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிய விபத்து அறிக்கையை நீங்களே படித்துக் காட்டினீர்கள். என் நாத்தனார் செத்ததற்கும், என் வீட்டுக்காரர் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனதற்கும் அந்தக் கார் டயர்தான் காரணம் என்று எழுதியிருக்கிறது. டயர் கடைக்காரியான எனக்கு அதைக் கேட்கச் சங்கடமாக இருந்தது, ஐயா. அது நல்ல டயர். ஒழுங்காக மாட்டினால் அது பாட்டுக்கு ஓடும். அந்த ஒரு வரியைத் திருத்திக்கொள்ளச் சொல்லத்தான் ஏழு மாதம் கழித்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

கடை என் அப்பா வைத்தது. கீழே கடை, மாடியில் வீடு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே டயர் மாட்டுவது என் வேலை. லாரி டயர்கூட மாட்டுவேன், யாரையும் கைகொடுக்கக் கூப்பிட்டது கிடையாது. என் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவார். பேச்சு அவருக்கு, வேலை எனக்கு என்று நாங்களாகவே பிரித்துக்கொண்டதுதான்.

அவர் நல்லவர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, சாப்பாட்டில் உப்பு கூடிப்போச்சு என்று முகம் சுளித்தது கிடையாது. இருந்த ஒரே பைத்தியம் தூரப் பயணத்துக்கென்றே செய்த அந்தப் பெரிய டூரிங் பைக். பின் சீட்டில் சாய்ந்துகொள்ள முதுகு, இரண்டு பக்கமும் பெட்டி, தலைக்குப் பின்னால் இன்னொரு பெட்டி. கடைக்கு வருகிறவர்களிடம் வண்டியைக் காட்டி, "இவ மூத்தவ, அதோ நிக்கிறாளே, அவ இளையவ" என்று என்னைக் கைகாட்டிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். பதினாலு வருஷம் அதே இடத்தில் சிரித்திருக்கிறேன்.

மாதம் தவறாமல் ஒரு பயணம். சில சமயம் பத்து நாள், சில சமயம் இருபது. ஊர் பார்க்கிற குடுப்பினை உனக்கு என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வயிற்றெரிச்சல் படுவார்கள். நான் பார்த்ததெல்லாம் அவருடைய ஹெல்மெட்டின் பின்பக்கம்தான். அதில் எத்தனை கீறல், எந்தக் கீறல் எப்போது விழுந்தது என்று கேளுங்கள், சொல்கிறேன். போதாததற்கு இரண்டு ஹெல்மெட்டுக்குள்ளும் பேசுகிற கருவி வைத்திருந்தார். நாள் முழுக்க அவர் குரல் என் காதுக்குள் இருக்கும். மலையைப் பார், ஆற்றைப் பார் என்பார். பாடுவார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "ஏம்மா, கேக்குதா?" என்பார். நான் "ம்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டிவிடுவார்.

எனக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கும், ஐயா. அவ்வளவுதான் என் ஆசை. என் கட்டில், என் ஜன்னல், என் பாத்ரூம். திரைச்சீலையைத் துவைத்து மாட்டிவிட்டு, காய்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மனுஷிக்கு இது பெரிய ஆசையா என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த வண்டியின் பின் டயர் சீக்கிரம் தேயும். இரண்டு ஆள், மூன்று பெட்டி, அத்தனை கனமும் அதன் மேல்தான். அந்த அளவு டயர் எங்கள் பக்கம் கிடைக்காது. சொல்லி வைத்தால் வந்து சேர ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதம்தான் எனக்கு வீடு. டயர் எப்போது தேயும் என்று ஒவ்வொரு பயணத்திலும் இறங்கி இறங்கிப் பார்ப்பேன். "என் பொண்டாட்டிக்கு வண்டி மேல இருக்கிற அக்கறையப் பாத்தீங்களா" என்று எல்லோரிடமும் பெருமை பேசுவார்.

பிறகு நானே கொஞ்சம் கைவைத்தேன். கிளம்புமுன் காற்று பிடிப்பதும் என் பொறுப்புதான். இருக்க வேண்டிய அளவைவிட ஏழெட்டுப் புள்ளி குறைத்து வைப்பேன். காற்று குறைந்தால் டயர் சூடாகும், சீக்கிரம் தேயும். வெடிக்கவும் செய்யலாம். தெரியும், ஆனால் நானும்தானே பின்னால் உட்கார்ந்திருந்தேன், அதனால் அதில் துரோகம் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாலு வருஷம் அப்படி ஓடியது. வருஷத்துக்கு இரண்டு மாதம் முழுசாக வீட்டில் இருந்த நான் நாலு மாதம் இருந்தேன்.

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்படித்தான். டயர் இப்படித் தேய்கிறதே என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டார். தூர தேசத்து வண்டிக்காரர்கள் சிலர் பின்னால் கார் டயர் போட்டு ஓட்டுகிறார்கள் என்று எங்கேயோ கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கு மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறி வந்தார்.

"ஏம்மா, நாலு மடங்கு ஓடுமாம்! நம்ம கடையிலயே கிடக்கு அந்த அளவு. எந்த ஊர்ல தேஞ்சாலும் அந்த ஊர்லயே வாங்கிக்கலாம். இனிமே டயருக்காக வீட்டுக்கு வரவே வேண்டாம்."

"வராம எங்கங்க போறது?"

"ஒரு வருஷம். ஒரேயடியா சுத்திட்டு வருவோம். கடைக்கு ஆள் போட்டுடலாம், வீட்டை வாடகைக்கு விட்டுடலாம். பூட்டி வச்சு என்ன பண்றது? நீயும் நானும் மூத்தவளும். என்ன சொல்ற?"

என்ன சொல்வது. "சரிங்க" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் யாருக்கு இப்படிப் பொண்டாட்டி வாய்க்கும் என்றார். மறுவாரமே வீட்டைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மாள் என் ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள். இங்கே தையல் மிஷின் போடலாம் என்று புருஷனிடம் சொன்னாள்.

வருஷப் பயணத்துக்கு முன்னால் பத்து நாள் மலைப்பக்கம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார். அதற்காகத்தான் கார் டயரை மாட்டினேன். மாட்டுகிற முறையைச் சொல்கிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. டயரின் உள்விளிம்பில் கம்பி வைத்திருப்பார்கள். அந்த விளிம்பு ரிம்முக்குள் இறுக உட்கார வேண்டும். பைக் ரிம்மின் உதடும் கார் டயரின் விளிம்பும் அப்படியே பொருந்தாது. சோப்புத் தண்ணீர் தடவி, காற்றை அதிகமாக ஏற்றினால்தான் உட்காரும். ஒரு பக்கத்துக்கு ஒரு தடவை 'டப்' என்று சத்தம் கேட்கும். அதோடு விட்டுவிடக் கூடாது. டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோடு சுற்றிலும் ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். எங்காவது உள்ளே போயிருந்தால் அந்த இடத்தில் விளிம்பு உட்காரவில்லை என்று அர்த்தம். காற்றை இறக்கிவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

வலது பக்கம் சுத்தமாக உட்கார்ந்தது. இடது பக்கம் சத்தம் கேட்டது, ஆனால் ஓர் இடத்தில் நாலு விரல் அகலத்துக்குக் கோடு உள்ளே போயிருந்தது. விரலை வைத்து அளந்தே பார்த்தேன். அவர் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருஷப் பயணத்துக்கு எத்தனை ஜோடி கையுறை எடுத்துக்கொள்வது என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் காற்றை ஓட்டுகிற அளவுக்குக் குறைத்து, வீலை வண்டியில் ஏற்றிவிட்டேன்.

"பாக்கணுமாங்க?" என்று கேட்டேன்.

"நீ மாட்டினதை நான் பாக்கறதா? நல்லாருக்கே கதை" என்றார்.

நான் எதையும் வெட்டவில்லை, அறுக்கவில்லை, எந்த நட்டையும் தளர்த்தவில்லை. ஒரு வேலையை முடிக்காமல் விட்டேன். நேர்ச்சாலையில் அது தாங்கும். திருப்பத்தில் வண்டி சாயும்போது கனம் டயரின் ஓரத்துக்குப் போகும். அப்போது உட்காராத விளிம்பு ரிம்மை விட்டு நழுவும், காற்று மொத்தமும் ஒரே மூச்சில் போய்விடும். மலையில் திருப்பத்துக்கா பஞ்சம்.

எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது, பத்து நாள் உட்கார முடியாது, நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள் என்றேன். அப்போதுதான் என் நாத்தனார் வந்தாள். சிட்டு என்று கூப்பிடுவோம். இருபத்தாறு வயது, ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வார லீவில் எங்களோடு இருக்க வந்தவள். அண்ணன் தனியாகக் கிளம்புகிறான் என்றதும், "நான் வரேன் அண்ணா, இந்த வண்டியில என்னை ஒரு தடவையாச்சும் கூட்டிட்டுப் போயிருக்கியா?" என்று குதித்தாள். அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அது. வீலைக் கழற்றி மறுபடி மாட்ட எனக்கு ஒன்றரை மணி நேரம் போதும். நேரம் நிறையவே இருந்தது. ஆனால் முதுகு பிடித்துக்கொண்டவள் வீலைக் கழற்றினால் என்ன ஏது என்று கேட்பார்கள் அல்லவா. என் ஹெல்மெட்டைச் சிட்டுவுக்குக் கொடுத்தேன். அவளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பட்டையை இழுத்து நானே சரி செய்துவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும், மலையடிவாரத்திலிருந்து போன் பண்ணினார்.

"ஏம்மா, நேரா போறப்ப வெண்ணெய் மாதிரி போகுது. திருப்பத்துலதான் வால் லேசா ஆட்டுது. மாட்டினதுல ஏதாவது விட்டுப்போச்சா?"

இந்த இடத்தை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். கார் டயரின் அடி தட்டையாக இருக்கும். அதைப் போட்ட வண்டி சாய்வதற்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆரம்பத்தில் பின்பக்கம் வேறு மாதிரி இருக்கும் என்று அவரே படித்து எனக்குச் சொல்லியிருந்தார். அதனால் என் வேலை சுலபமாக இருந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. கார் டயர்னா முதல்ல அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள் ஓட்டினா பழகிடும்."

"அப்பச் சரி. நீ சொன்னாச் சரி."

போனைச் சிட்டு பிடுங்கிக்கொண்டாள். "அண்ணி, முதுகு எப்படி இருக்கு? உங்க பையில மாத்திரை வச்சுட்டு வந்தேன், போட்டீங்களா?"

"போட்டேன்மா" என்றேன். உண்மையில் போடவில்லை. அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பிறகு திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தேன். மத்தியானம் ஒன்றரை மணி நேரம் தூங்கினேன். அவ்வளவு நல்ல தூக்கம் தூங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. நாலு மணிக்கு உங்கள் ஆள் ஒருவர் போன் செய்து விவரம் சொன்னார். இடது பக்கத் திருப்பம், பின் டயர் ரிம்மை விட்டுக் கழன்று, வண்டி தடுப்புச் சுவரில் மோதி, சிட்டு அந்த இடத்திலேயே. நான் அழுதேன். அது நடிப்பு என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அவள் மேல் எனக்குப் பிரியம் உண்டு.

அவர் பிழைத்துக்கொண்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. மாடி ஏற முடியாது என்பதால் வீட்டை அந்தத் தையல் மிஷின் குடும்பத்துக்கே விட்டாயிற்று. நாங்கள் கடைக்குப் பின்னால் டயர் அடுக்குகிற அறையில் இருக்கிறோம். அங்கே ஜன்னல் கிடையாது. அவர் கட்டிலுக்கும் என் பாய்க்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். "ஏம்மா, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் "ம்" என்பேன். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். பார்க்க வருகிறவர்களிடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன்" என்கிறார்.

போன வாரம் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மூன்று சக்கர வண்டி, அவரே வரைந்தது. பின்னால் இரண்டு கார் டயர்.

"இனிமே வால் ஆடாது பாரு. நீ ஓட்டு, நான் பின்னாடி உக்காந்துக்கறேன். சிட்டு பாக்காமப் போன ஊரெல்லாம் அவளுக்காகப் பாத்துட்டு வருவோம். ஒரு வருஷம், ரெண்டு வருஷம், நமக்கு என்ன அவசரம்?"

வண்டி கட்டுகிறவரை வரச் சொல்லிவிட்டார். நாளைக்கு அளவு எடுக்க வருகிறார். அதனால்தான் இன்றைக்கே வந்தேன், ஐயா. நீங்கள் உள்ளே வைக்கிற அறை எப்படி இருக்கும் என்று தெரியாது. ஜன்னல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் அது ஒரே இடத்தில் இருக்கும் அல்லவா, எனக்கு அது போதும்.

நீங்கள் இப்போது அவரிடம் போனில் பேசியது எனக்கும் கேட்டது. "பாவம் சார், தங்கச்சி போனதுலேர்ந்து எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கறா. ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்லி அனுப்பி வைங்க, ஆட்டோ அனுப்பறேன்" என்றார். அவர் அப்படித்தான் சொல்வார். நீங்கள் அவர் பேச்சைக் கேட்டுப் பேனாவை மூடி வைக்காதீர்கள். நாலு விரல் அகலம், இடது பக்கம், தெரிந்தேதான் விட்டேன். போனில் நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிட்டு பிழைத்திருப்பாள், அவரும் நடமாடியிருப்பார், சொல்லவில்லை. தெரிந்தே கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என்ன கேட்டீர்கள்? 'எனக்கு வர இஷ்டமில்லை' என்று ஒரே ஒரு தடவை அவரிடம் சொல்லியிருக்கலாமே என்றா? அதை யோசிக்காமல் இருந்திருப்பேனா, ஐயா. சொல்லியிருந்தால் மறுபேச்சுப் பேசாமல் அன்றைக்கே வண்டியை விற்றிருப்பார். அப்படிப்பட்ட மனுஷரிடம் போய் எப்படிச் சொல்வது? மனசு நொந்துபோயிருக்குமே அவருக்கு.