கென்னாவுக்குப் போன பந்து

டெலனி: ...இதையே இன்னும் எத்தனை தடவை கேப்ப, ஹேட்டி? கென்னா பக்கம் ஒருத்திதான் பிளாக் பண்ண நின்னா. உன் பக்கம் ரெண்டு பேரு. அதான் அவளுக்குத் தூக்கிக் குடுத்தேன்.

ஹேட்டி: என் எதிர்ல என்னைக்குடி ஒருத்தி மட்டும் நின்னிருக்கா?

டெலனி: சரி மகாராணி. தப்புதான்.

ஹேட்டி: விளையாட்டுக்குக் கேக்கல, டெல். கடைசி செட்டு. பதினாலுக்குப் பதிமூணு. அவங்க இன்னொரு பாயிண்ட் எடுத்தா நம்ம வாலிபால் சீசனே முடிஞ்சுது. அந்த நேரத்துல போயி, காலேஜ் சேர்ந்து மூணு மாசம் ஆகாத புள்ளைக்கா குடுப்ப?

டெலனி: நல்லாத்தான அடிச்சுக்கிட்டு இருந்தா.

ஹேட்டி: அடிச்சா. வலையில.

டெலனி: பாவம்டி அவ. பஸ் ஏறினதுலேந்து அழுதுக்கிட்டே...

ஹேட்டி: என் தோள்லதான அழுதா. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. "நான்தான் உங்க கடைசி வருஷத்தக் கெடுத்துட்டேன்"னு அதையே சொல்லிட்டு வந்தா.

டெலனி: நீ என்ன சொன்ன?

ஹேட்டி: என்ன சொல்லச் சொல்ற? அடுத்த வருஷம் நல்லா அடிப்பன்னு சொன்னேன்... ஏய், வண்டியப் பாத்து ஓட்டு. காத்து தள்ளுது.

டெலனி: இந்த ரோட்டுல காத்து தள்ளாத நாளு எது? நீ சும்மா உக்காரு. பின் சீட்ல டப்பா இருக்கு பாரு. அம்மா கறி போட்டுச் செஞ்ச சில்லியும் சின்னமன் ரோலும் குடுத்து விட்டாங்க.

ஹேட்டி: அப்புறம் சாப்பிடறேன்.

டெலனி: நேத்து மேட்சுக்கு முன்னாடியும் அப்புறம்னுதான் சொன்ன.

ஹேட்டி: பசிக்கல, விடு.

டெலனி: விட்டாச்சு. உங்க அக்கா வீட்டுலயாவது சாப்பிடு. ஆமா, குழந்தை எப்படி இருக்கு? நடக்குதா?

ஹேட்டி: ம்... நடக்குது.

டெலனி: போன மாசம்தான் குப்புற விழுந்துச்சுன்ன.

ஹேட்டி: சீக்கிரமா வளருது.

டெலனி: நம்ம ஊரு சோளம் மாதிரி.

ஹேட்டி: ...

டெலனி: சிரிக்கவாவது செய்யேன்டி.

ஹேட்டி: டெல்.

டெலனி: ம்.

ஹேட்டி: எங்க அக்காவுக்குக் குழந்தையே இல்ல.

டெலனி: ...

ஹேட்டி: சீசன் ஆரம்பிச்சதுலேந்து ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஒமாஹா போறேன்ல. அக்கா வேலைக்குப் போறா, திங்கக்கிழமை குழந்தையப் பாத்துக்கணும்னு சொல்லுவேன்ல. அது பொய். ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். இவ்வளவு நாளா நீ கொண்டு வந்து விடறேன்னு சொன்னப்பல்லாம் வேண்டாம்னதும் அதுக்குத்தான்.

டெலனி: இன்னைக்கு மட்டும் ஏன் கூப்பிட்ட?

ஹேட்டி: சொல்லிடலாம்னுதான். நேத்தோட ஆட்டம் முடிஞ்சுது. இனிமே யாருகிட்ட ஒளிக்கணும்?

டெலனி: சொல்லு. கேட்டுக்கிட்டுத்தான் வர்றேன்.

ஹேட்டி: ஜூலை மாசம் அப்பாவோட சோளக்காட்டுல தண்ணி பைப்பு இழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தேன். தோள் வலிச்சுது. தேச்சு விடலாம்னு கைய வச்சா, கழுத்தெலும்புக்கு மேல திராட்சை அளவுக்கு ஒரு கட்டி. பூச்சி கடிச்சிருக்கும்னு நான் விட்டுட்டேன். அம்மா விடல, இழுத்துக்கிட்டுப் போனாங்க. கழுத்துல, அக்குள்ல எல்லாம் நெறிகட்டும்ல, அந்த இடத்துல வர்ற புற்றுநோயாம். டாக்டரம்மா ரொம்ப நல்லவங்க. நாற்காலிய என் பக்கமா இழுத்துப் போட்டு உக்காந்து, பொறுமையா எல்லாத்தையும் சொன்னாங்க. சொல்லி முடிச்சதும் ஏதாவது கேக்கணுமான்னாங்க. ஆகஸ்ட்ல பிராக்டிஸ் ஆரம்பிக்குது, ஆடலாமான்னு கேட்டேன். அம்மா எந்திரிச்சு ரூமை விட்டு வெளிய போயிட்டாங்க.

டெலனி: அவங்க என்ன சொன்னாங்க? டாக்டரம்மா.

ஹேட்டி: யோசிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் ரத்தம் பாப்போம், எண்ணிக்கை நல்லா இருந்தா ஆடு, குறைஞ்சா உக்காருன்னாங்க. நெஞ்சுத் தோலுக்குக் கீழ ஒரு சின்ன டப்பா வைப்பாங்க, அது வழியாத்தான் மருந்து ஏத்துவாங்க. வழக்கமா வலது பக்கம்தான் வைப்பாங்களாம். நான் வலது கையால அடிக்கிறவ, இடது பக்கம் வைங்கன்னு கேட்டேன். சிரிச்சுட்டாங்க. ஆனா இடது பக்கம்தான் வச்சாங்க.

டெலனி: ம்.

ஹேட்டி: அப்பப்ப கணுக்கால் சுளுக்குன்னு பெஞ்சுல உக்காந்தேன்ல. அது சுளுக்கு இல்ல.

டெலனி: அது தெரியும். காலையில வலது கால நொண்டின, சாயங்காலம் இடது கால நொண்டின.

ஹேட்டி: ...அப்படியா பண்ணேன்?

டெலனி: கென்னாகூட கேட்டா, ரெண்டு காலும் சுளுக்கானு.

ஹேட்டி: கோச்சுக்கும் பிசியோ லோரிக்கும் மட்டும்தான் தெரியும். லோரிகிட்ட மறைக்க முடியாது, டேப்பு சுத்தறதே அவங்கதான். கோச் மொதல்லயே சொன்னாரு, டீம் கிட்ட சொல்லிடு, தாங்கிப்பாங்கன்னு. நான் முடியாதுன்னுட்டேன்.

டெலனி: ஏன்டி?

ஹேட்டி: உனக்கே தெரியாதா நம்ம ஊரப் பத்தி? ஒருத்திகிட்ட சொன்னா போதும், மறுநாளே என் பேரு போட்டு டீ-ஷர்ட் அடிச்சுடுவாங்க. சர்ச்சுல என் பேரச் சொல்லி ஜெபம் பண்ணுவாங்க. எதிர் டீம் பொண்ணுங்க மேட்ச் முடிஞ்சதும் வலைக்குக் கீழ பூந்து வந்து கட்டிப் பிடிச்சு அழுவாங்க. என்னால அதப் பாத்துக்கிட்டு நிக்க முடியாது. என் பக்கம் வர்ற பந்து நான் அடிப்பேன்னு நம்பி வரணும். ஐயோ பாவம்னு வரக் கூடாது.

டெலனி: ...

ஹேட்டி: நீ ஏன்டி எதுவுமே கேக்க மாட்டேங்கிற?

டெலனி: கேட்டுக்கிட்டுத்தான...

ஹேட்டி: இல்ல. இத யாருகிட்ட சொன்னாலும் மொதல்ல வண்டிய ஓரங்கட்டியிருப்பாங்க. நீ அந்த லாரியத் தாண்டிக்கிட்டு இருக்க.

டெலனி: அவன் ரொம்ப மெதுவாப் போறான்.

ஹேட்டி: உனக்குத் தெரியும்.

டெலனி: ...

ஹேட்டி: டெலனி.

டெலனி: தெரியும்.

ஹேட்டி: எப்பலேந்து?

டெலனி: செப்டம்பர் கடைசியிலேந்து. நம்ம ரூம் குளியலறையில தண்ணி போகாம நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? நான்தான் குனிஞ்சு எடுத்தேன். கை நிறைய முடி. எல்லாம் உன் முடி. தண்ணி எப்படிப் போச்சுன்னு நீ கேட்டப்ப, தானா போயிடுச்சுன்னு சொல்லிட்டேன்.

ஹேட்டி: முடி எல்லாருக்கும் கொட்டும்.

டெலனி: கொட்டும். அப்புறம் ஒருநாள் நீ சட்டை மாத்தறப்ப, இடது பக்கம் உள்ளாடைப் பட்டைக்குக் கீழ ஒரு புடைப்பு இருந்துச்சு. நீ துண்ட இழுத்து மூடிக்கிட்ட. ஆனா எனக்கு ஒரு தடவை பாத்தா போதும். எங்க மாமாவுக்கும் அப்படி ஒண்ணு இருந்துச்சு.

ஹேட்டி: எந்த மாமா? டுவேனா?

டெலனி: ஆமா.

ஹேட்டி: அவருதான் போயிட்டாரே...

டெலனி: அதனாலதான்டி கேக்கல. வாயத் திறந்து கேட்டா, நீ ஆமான்னு சொல்லிடுவ. கேக்காத வரைக்கும் ஒமாஹாவுல ஒரு குழந்தை இருந்துச்சு. நானும் வாரத்துக்கு வாரம் பல்லு முளைச்சுதா, தவழுதானு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

ஹேட்டி: நான் வேற உக்காந்து யோசிச்சு யோசிச்சு பல்லு முளைக்க வச்சேன்.

டெலனி: மொதல்ல மேல் பல்லு முளைச்சுதுன்னு சொன்ன. எல்லாக் குழந்தைக்கும் கீழ் பல்லுதான மொதல்ல வரும். அப்பவே எனக்குச் சிரிப்பு வந்துச்சு. குளியலறைக்குப் போயி அழுதேன்.

ஹேட்டி: ...பிளாட் ஆத்துப் பாலம் வந்துடுச்சு.

டெலனி: ம். தண்ணியே இல்ல பாரு.

ஹேட்டி: அப்ப... அந்தப் பந்தெல்லாம்?

டெலனி: எந்தப் பந்து?

ஹேட்டி: நடிக்காத. அக்டோபர்லேந்து எனக்கு வர்ற பந்து பாதியாக் குறைஞ்சுது. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எனக்குக் குதிக்கிற தெம்பு போயிடுச்சு, அதான் டெல் என்னைத் தேட மாட்டேங்கிறான்னு நினைச்சேன். லோரிகிட்ட சொல்லிட்டு, எல்லாரும் போனப்புறம் ஜிம்முல தனியா நின்னு சுவத்துல அடிச்சு அடிச்சுப் பாத்தேன். மருந்து ஏத்திட்டு வந்த வாரம்கூட. அடிச்சுட்டுக் குப்பைத் தொட்டிகிட்ட போயி வாந்தி எடுத்துட்டு, திரும்ப வந்து அடிச்சேன். உனக்கு மறுபடி என் மேல நம்பிக்கை வரணும்னு.

டெலனி: ஐயோ, ஹேட்டி...

ஹேட்டி: நீ வேணும்னுதான் குடுக்கல.

டெலனி: ஒவ்வொரு தடவை குதிச்சு இறங்கினதும் முழங்கால்ல கைய ஊனிக்கிட்டு நிப்ப. வேற யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். நாலு வருஷமா உன் மூச்சப் பாத்துத்தான பந்தத் தூக்கறேன். அந்த மூச்சு சரியில்லாதப்ப, உன் பக்கம் பந்தத் தூக்க எனக்குக் கை வரலடி.

ஹேட்டி: என்னைக் கேட்டிருக்கலாம்ல?

டெலனி: நீ சொல்லியிருக்கலாம்ல?

ஹேட்டி: நேத்து, கடைசி டைம் அவுட்ல, எல்லாரும் கைய ஒண்ணா வச்சுக் கத்தினப்புறம், கோச் உன் முழங்கையப் பிடிச்சுத் தனியா இழுத்தாரு. பாத்தேன். என்ன சொன்னாரு?

டெலனி: சத்தத்துல சரியாக் கேக்கல.

ஹேட்டி: டெல்.

டெலனி: ...ஹேட்டிக்குக் குடுன்னாரு. அவங்க பந்து எப்படி வந்தாலும், வேற யாரு எதிர்ல தடுக்க ஆளில்லாம நின்னாலும், ஹேட்டிக்குக் குடுன்னாரு.

ஹேட்டி: கேட்டுக்கிட்டே நீ கென்னாவுக்குக் குடுத்த.

டெலனி: உன்னத் திரும்பிப் பாத்தேன். தண்ணி பாட்டில் மூடியத் திருக முடியாம, சட்டை நுனியால பிடிச்சுத் திருகிக்கிட்டு இருந்த. அதப் பாத்ததும் எனக்கு மனசுல என்னென்னமோ ஓடுச்சு. இவ குதிச்சு, அடி தவறி, தோத்துட்டா? நாலு வருஷம் அவ்வளவு அடிச்சவளுக்கு அது ஒண்ணுதான மிஞ்சும். ஊரெல்லாம் அதத்தான சொல்லும். கென்னா அடிச்சுத் தோத்தா பரவால்ல, அவளுக்கு மறக்கறதுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்குன்னு தோணுச்சு.

ஹேட்டி: அடுத்து டிரெஸ்ஸிங் ரூம்ல கோச் எந்திரிச்சு நின்னு, அந்தப் பந்த கென்னாவுக்குக் குடுக்கச் சொன்னது நான்தான், திட்டறவங்க என்னைத் திட்டுங்கன்னாரு.

டெலனி: ஆமா. நான் தலையக் குனிஞ்சு ஷூ கயித்த அவுத்துக்கிட்டு இருந்தேன். அவரு என்னைப் பாக்கக்கூட இல்ல.

ஹேட்டி: அவரு உன்னக் காப்பாத்தினாரு.

டெலனி: தெரியும். காலையில அவரு வீட்டுக்குப் போனேன், மன்னிப்புக் கேக்கலாம்னு. கதவத் திறந்தாரு. நான் ஆரம்பிக்கறதுக்குள்ள, இன்னைக்கு ஹேட்டிய ஒமாஹாவுக்கு நீதான் கூட்டிட்டுப் போறியாமே, பத்திரமா ஓட்டுன்னு மட்டும் சொன்னாரு. கண்ணெல்லாம் சிவந்து கிடந்துச்சு. ஒரு மேட்சுக்குப் போயி இந்த மனுஷன் இப்படி அழுவாரானு நினைச்சுக்கிட்டே வந்தேன்.

ஹேட்டி: மேட்சுக்கு இல்ல.

டெலனி: பின்ன? ...சரி, கேளு. என் மேல கோவப்படு, நாலு அடி வேணும்னாலும் அடி. ஆனா நான் ஒண்ணு நினைச்சேன். எப்படியும் ஆறு மாசம்னு நானா ஒரு கணக்குப் போட்டேன், ஜனவரியில உனக்கு மருந்து முடிஞ்சுடும். முடி வளரும். நோயில போன வருஷத்துக்குப் பதிலா இன்னொரு வருஷம் ஆட விடுவாங்க, கோச் கேட்டா கிடைக்கும். நானும் மேல் படிப்புன்னு இங்கயே இருந்துடலாம்னு பாக்கறேன். அப்ப உனக்கு எத்தனையோ பந்து தூக்கிக் குடுத்துக்கலாம், இது ஒண்ணு போனா போகுதுன்னு...

ஹேட்டி: அந்தப் பந்தக் கேட்டது நான்.

டெலனி: என்ன?

ஹேட்டி: கோச் அவராச் சொல்லல. மேட்சுக்கு முன்னாடி அவரு ரூமுக்குப் போயி நான்தான் கேட்டேன்.

டெலனி: நீயா? நீ என்னைக்கும் யாருகிட்டயும் பந்து கேக்க மாட்டியே. எதுக்குடி?

ஹேட்டி: போன வாரம் ஸ்கேன் எடுத்தாங்க, டெல். மருந்து கேக்கலயாம். நாளைக்குப் படுக்கையில சேத்துடுவாங்க. வேற மருந்து, இதவிடக் கடுமையானது. அதுக்கும் மேல என் ரத்தத்துலேந்தே எதையோ எடுத்து வச்சுட்டு, உள்ள இருக்கறதையெல்லாம் அழிச்சுட்டுத் திரும்ப ஏத்துவாங்களாம். பிழைக்கறதப் பாப்போம், ஆட்டம் இதோட போதும்மானு டாக்டரம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. அதான் கோச்கிட்ட போயி, ஜெயிக்கறோமோ தோக்கறோமோ, கடைசியா வர்ற ஒரே ஒரு பந்து எனக்கு வேணும்னு கேட்டேன். ஏன்னு மட்டும் உங்கிட்ட சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினேன். உனக்குத் தெரிஞ்சா பாவம் பாத்துக் குடுத்துடுவியோன்னு பயந்தேன்டி.