யாரும் திட்டாத நாள்

விம்கோ நகரில் மெட்ரோ ஏறிய மின்வாரிய லைன்மேன், பக்கத்தில் உட்கார்ந்த நண்பரிடம், "நேத்து லைன் அறுந்துச்சு மாமு, ஒருத்தரும் என்னைத் திட்டல," என்றார்.

"போனை ஆஃப் பண்ணிட்டியா?"

"ஆன்ல தான் இருந்துச்சு. அறுந்த துண்ட மட்டும் லைன்ல புச்சா வச்ச மிஷினே வெட்டி வுட்டுட்டு, வேற பக்கத்துலேர்ந்து எல்லா வூட்டுக்கும் கரண்ட் குடுத்துச்சு. ஃபேன் ஒரு நிமிசம் தான் நின்னுச்சு."

"அறுந்த எடத்துல?"

"வூடே இல்ல, பழைய பாக்டரி மதிலு தான் கீது. நேத்து எம் பொண்ணு காதுகுத்து, பந்திய முடிச்சிட்டு தான் போய் லைனக் கட்டினேன். பாயாசம் வரிக்கும் உக்காந்தேன்."

"வூட்ல இன்னா சொன்னாங்கோ?"

அவர் சிரித்தார். "'நம்ம கல்யாணத்துலயே பாதி எலையில எழுந்து ஓடின ஆளு, ஒடம்பு சரியில்லையா'ன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தா."